துடுப்பு மீன்: ஆழ்கடலின் அதிசயமா, அழிவின் அறிகுறியா?

2025 மே மாத இறுதியில் ஒரு வீடியோ நம் கைப்பேசிகளில் வேகமாகப் பரவியது. தமிழகக் கடலில் பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட நீளமான வெள்ளி நிற மீன் ஒன்றை ஏழு பேர் வரிசையாக நின்று கைகளில் ஏந்தியிருந்தார்கள். தலையில் சிவப்புக் கொண்டை, உடலோ நாடா போல் தட்டை. 30 அடி நீளம் என்றார்கள். மீனை விட வேகமாகப் பரவியது அதற்கு வைக்கப்பட்ட பெயர்தான்: 'டூம்ஸ்டே மீன்', அதாவது அழிவு நாள் மீன். இது மேலே வந்தால் நிலநடுக்கம் வரும், சுனாமி வரும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

மதுரை கடல் இல்லாத ஊர். ஆனாலும் கடல் தினமும் நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்கு வந்து சேரும் மீன்தான் நம் மதியக் குழம்பு. நெல்பேட்டையிலும் மகபூப்பாளையத்திலும் கோரிப்பாளையத்திலும் மேலூரிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் சம்பந்தம் உண்டு. பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் கடற்கரையில் இருக்கும்போது, சுனாமி என்ற ஒரு சொல் போதும், நம் வீட்டுப் பெரியவர்களின் தூக்கம் போய்விடும். 2004ஐப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே இந்த மீன் யார், எப்படி வாழ்கிறது, ஏன் மேலே வருகிறது, உண்மையிலேயே எதையாவது முன்னறிவிக்கிறதா என்பதைப் பொறுமையாகத் தெரிந்துகொள்வோம்.

நம் கடற்கரையில் அடையாளம் காணப்பட்ட மீன்

தமிழில் இதைத் துடுப்பு மீன் என்கிறார்கள். இதன் பேரினத்துக்கு அறிவியலில் 'ரெகாலெகஸ்' என்று பெயர். அதற்கு 'ஹெர்ரிங் மீன்களின் அரசன்' என்று பொருள். தலையில் உள்ள சிவப்புக் கொண்டை கிரீடம் போல் இருப்பதால் வந்த பெயர் இது. 1772இல் நார்வே நாட்டில் கிடைத்த ஒரு மீனை வைத்து ஆஸ்கானியஸ் என்பவர் முதன்முதலில் இதைப் பதிவு செய்தார்.

இதில் இரண்டு இனங்கள் உள்ளன. இரண்டாவது இனத்துக்கும் நம் வங்கக் கடலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் பணியாற்றினார். அதற்கு முன் சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராக இருந்தவர் அவர். கொள்ளைநோய் பற்றி அங்கே கண்டவற்றை நூலாகவும் எழுதியவர். விசாகப்பட்டினத்தில் தாம் சேகரித்த 200 மீன்களை வரைபடங்களுடன் 1803இல் அவர் வெளியிட்டார். பிறகு 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே துடுப்பு மீனின் இரண்டாவது இனத்துக்குப் பெயர் வைத்தபோது, ரஸ்ஸலின் பெயரையே அதற்குச் சூட்டினார். நாம் கண்ணாடி விரியன் என்று சொல்லும் பாம்பு ஆங்கிலத்தில் அழைக்கப்படுவதும் இதே ரஸ்ஸலின் பெயரால்தான்.

அதாவது, இந்த மீன் நம் பக்கத்துக் கடலுக்குப் புதிய விருந்தாளி அல்ல. 200 ஆண்டுகளுக்கு மேலாகவே இது பதிவில் இருக்கிறது. நாம்தான் இதை இப்போது முதல்முறையாகப் பார்க்கிறோம்.

வாளை மீன் போல, ஆனால் வாளை அல்ல

மீன் கடையில் வாளை மீனைப் பார்த்திருப்பீர்கள். நாடா போல் நீண்டு, வெள்ளித் தகடு போல் மின்னும். துடுப்பு மீனைப் பார்த்ததும் பெரிய வாளை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு வகை. வாளைக்குக் கத்தி போன்ற பற்கள் உண்டு; மற்ற மீன்களைத் துரத்திப் பிடித்துத் தின்னும். துடுப்பு மீனின் வாயில் பற்களே தெரியாது.

எலும்புள்ள மீன்களில் உலகிலேயே நீளமானது இதுதான். முறையாக அளந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட நீளம் சுமார் 8 மீட்டர், அதாவது 26 அடி. பதினொரு மீட்டர் வரை வளரும் என்றும் சொல்வார்கள்; அதற்கு உறுதியான சான்று இல்லை. ரஸ்ஸலின் பெயரில் உள்ள இனம் இதைவிடச் சிறியது. வீடியோவில் சொல்லப்படும் அடிக்கணக்கை அப்படியே நம்பாமல், இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உடலில் செதில் கிடையாது. 'குவானின்' என்ற பொருள் பூசிய வெள்ளி நிறத் தோல் உண்டு. கை பட்டாலே அந்தப் பூச்சு உரிந்து வரும். தலையிலிருந்து வால் வரை முதுகு நெடுகிலும் ஒரே சிவப்புத் துடுப்பு ஓடுகிறது. அதில் ஏறக்குறைய நானூறு நரம்புகள் வரை இருக்கும். அவற்றில் தலைப்பக்கம் உள்ள முதல் சில நரம்புகள் மட்டும் நீண்டு வளர்ந்து கொண்டையாகின்றன. வயிற்றுப் பக்கம் இரண்டு நீண்ட இழைகள் தொங்கும். அவற்றின் நுனி படகுத் துடுப்பு போல அகன்றிருக்கும். துடுப்பு மீன் என்ற பெயர் வந்தது அதனால்தான்.

இருட்டில் நின்றபடி ஒரு வாழ்க்கை

கடலில் 200 மீட்டருக்குக் கீழே போனால் சூரிய ஒளி மங்கிவிடும். 1,000 மீட்டரில் முழு இருட்டு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அந்திப் பகுதிதான் துடுப்பு மீன் அதிகம் வாழும் இடம். ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு மடங்கு அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 500 மீட்டர் ஆழத்தில், நாம் தரையில் உணர்வதைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல் அழுத்தம். அங்கே குளிரும் அதிகம், உணவும் குறைவு.

இவ்வளவு பெரிய மீனை உயிரோடு அதன் இடத்திலேயே பார்த்தவர்கள் மிகச் சிலர்தான். கரை ஒதுங்கிய உடல்களை வைத்தே நீண்ட காலம் ஆய்வு நடந்தது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வேலைகளுக்காக இறக்கப்பட்ட ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிகளின் கேமராவில், 2008 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் சில துடுப்பு மீன்கள் தற்செயலாகச் சிக்கின. ஐந்து காட்சிகளை ஆராய்ந்து 2013இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

அதில் தெரிந்த செய்தி வியப்பானது. பாம்பு போல் நெளிந்து நீந்தும் என்று பலரும் நினைத்த மீன், தலையை மேலே வைத்து, கம்பம் நட்டது போலச் செங்குத்தாக நிற்கிறது. உடலை அசைப்பதே இல்லை. முதுகில் உள்ள அந்த நீண்ட சிவப்புத் துடுப்பு மட்டும் அலை அலையாக அசைகிறது. அந்த அசைவிலேயே மேலே போகிறது, கீழே இறங்குகிறது, நகர்கிறது.

ஏன் இப்படி நிற்க வேண்டும்? மேலிருந்து வரும் மங்கலான ஒளியில், தலைக்கு மேலே மிதக்கும் சிறு உயிர்கள் நிழலாகத் தெரியும். அவற்றைப் பிடிக்க இந்த நிலை வசதி. படுத்த நிலையில் இருந்தால் எட்டு மீட்டர் நிழல் கீழே இருக்கும் எதிரிக்குத் தெரியும். நின்றால் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆய்வாளர்கள் கருதும் காரணங்கள் இவை.

இதன் உணவோ இதன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாதது. கிரில் எனப்படும் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிரிகளே முக்கிய உணவு. சில நேரம் சிறு கணவாயும் கிடைக்கும். வாயை முன்னே நீட்டித் தண்ணீரோடு அவற்றை உறிஞ்சி, செவுளில் உள்ள சீப்பு போன்ற முட்களால் வடிகட்டி விழுங்குகிறது. உலகின் மிக நீளமான எலும்பு மீன், விரல் நீளம்கூட இல்லாத உயிர்களைத் தின்று வாழ்கிறது. மனிதரைக் கடிக்கப் பல்லும் இல்லை, துரத்த வலிமையும் இல்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. பிடிபட்ட பெரிய துடுப்பு மீன்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வால் பகுதி துண்டாகிப் போயிருக்கிறது. காயம் ஆறியும் இருக்கிறது. பல்லி வாலை விடுவதுபோல இதுவும் தன் உடலின் பின்பகுதியைத் தானே விட்டுவிடுவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முக்கிய உறுப்புகள் உடலின் முன்பகுதியில் இருப்பதால் வாலை இழந்தாலும் உயிர் போவதில்லை. பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும். துடுப்பு மீனுக்கு முளைக்காது.

இனப்பெருக்கம் பற்றியும் அண்மையில்தான் கொஞ்சம் தெரியவந்தது. முட்டைகள் கடலின் மேற்பரப்பில் மிதந்து பொரிகின்றன. 2019இல் ஜப்பானின் ஒகினாவா தீவில் கிடைத்த இரண்டு மீன்களிலிருந்து முட்டையையும் விந்தையும் எடுத்து, உலகில் முதல்முறையாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். சுமார் இரண்டரை வாரத்தில் குஞ்சுகள் வெளிவந்தன. ஆனால் சில நாள்களுக்கு மேல் அவை பிழைக்கவில்லை.

பிறகு ஏன் மேலே வருகிறது?

துடுப்பு மீன் வலுவான நீச்சல்காரன் அல்ல. தசை இளகியது. உடல் நலம் கெட்டாலோ, காயம் பட்டாலோ, புயலும் நீரோட்டமும் அடித்துத் தள்ளினாலோ அதனால் எதிர்த்து நிற்க முடியாது. மேற்பரப்பில் தென்படுபவை பெரும்பாலும் செத்தவை அல்லது சாகும் நிலையில் இருப்பவை. ஆழ்கடலில் இழுக்கப்படும் வலைகளிலும் எப்போதாவது சிக்குகிறது.

நம் பகுதிக் கடலின் அமைப்பையும் நினைவில் வைக்க வேண்டும். தொண்டி பக்கம் உள்ள பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்குள்தான். துடுப்பு மீன் வாழ அங்கே இடமில்லை. மன்னார் வளைகுடாவோ தெற்கே போகப் போக ஆழமாகி 1,000 மீட்டரையும் தாண்டும். ஆழ்கடல் மீன் ஒன்று நம் மீனவர் வலைக்கு வருவதில் மாயம் எதுவும் இல்லை.

நிலநடுக்கக் கதை எங்கிருந்து வந்தது?

ஜப்பானியர் இந்த மீனைக் கடல் அரசனின் மாளிகையிலிருந்து வரும் தூதன் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு முன் அது கரைக்கு வரும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. 2011 மார்ச் 11இல் ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாக அந்நாட்டுக் கரைகளில் பல துடுப்பு மீன்கள் ஒதுங்கியிருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அந்தக் கதை உலகம் முழுவதும் பரவியது.

ஜப்பானிய ஆய்வாளர்களே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டோக்காய் பல்கலைக்கழகத்தின் யோஷியாகி ஒரிஹாரா குழுவினர் 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளைத் திரட்டினார்கள். 6 ரிக்டருக்கு மேற்பட்ட 221 நிலநடுக்கங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். மீன் தென்பட்ட இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள், 30 நாள்களுக்குள் நிலநடுக்கம் வந்ததா என்பதே கேள்வி. பொருந்தியது ஒன்றே ஒன்று, 2007இல் நீகாட்டாவில் ஏற்பட்டது. மீனுக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை என்று 2019இல் முடிவை வெளியிட்டார்கள்.

பிறகு ஏன் மக்களுக்கு அது உண்மை போல் தோன்றுகிறது? ஜப்பானில் நிலம் அடிக்கடி நடுங்கும். எந்த மீன் எப்போது ஒதுங்கினாலும் அதற்குப் பின் எங்காவது ஒரு நடுக்கம் வரத்தான் செய்யும். பொருந்திய ஒன்றை ஊர் முழுக்கச் சொல்வோம். பொருந்தாத 335ஐ யாரும் நினைவில் வைப்பதில்லை.

படங்களும் பொய் சொல்லும். 1996இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் ஏழு மீட்டர் நீளத் துடுப்பு மீன் ஒன்று ஒதுங்கியது. கடற்படை வீரர்கள் வரிசையாக நின்று அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அதே படம் லாவோஸ், தாய்லாந்து நாடுகளில், மேகாங் ஆற்றில் 1973இல் அமெரிக்கப் படையினர் பிடித்த நாக ராணி என்ற பெயரில் பல ஆண்டுகளாக விற்கப்பட்டு வருகிறது. கடல் மீன் ஆற்று நாகமாகிவிட்டது!

சகுனம் பார்ப்பது நம் வழி அல்ல

டூம்ஸ்டே என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கியாமத் நாள்தான் நினைவுக்கு வருகிறது. இது கியாமத்தின் அடையாளம் என்று குரல் பதிவு அனுப்புவோரும் இருக்கலாம். அந்த நாளைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்பது நம் நம்பிக்கை. குர்ஆனிலும் நபிமொழிகளிலும் சொல்லப்பட்ட அடையாளங்களில் இந்த மீன் இல்லை. டூம்ஸ்டே மீன் என்பது ஊடகங்கள் ஒட்டிய பெயர்ச் சீட்டு மட்டுமே.

நபி (ஸல்) அவர்களின் அன்பு மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். ஸஃபர் மாதத்தைப் பீடையாகக் கருதுவதும், ஒடுக்கத்துப் புதனுக்குப் பயந்து காரியங்களைத் தள்ளிப்போடுவதும் நம் வீடுகளில் இன்றும் முழுமையாக மறையவில்லை. ஒரு மீனைக் கண்டு நடுங்குவதும் அதே வரிசைதான். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பி, அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்று குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை வாட்ஸ்அப் பகிர்வுக்கும் பொருந்தும்.

இந்த மீனை உண்ணலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இது மீன் இனம்தான். ஆனால் செத்து மிதந்த மீனைப் பற்றி ஹனஃபி மத்ஹபில் தனிச் சட்டம் இருப்பதால், அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சதை கொழகொழப்பாக இருப்பதால் சமையலுக்குத் தேடுவாரும் இல்லை.

வதந்தியின் விலை

ஒரு வதந்தியால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நம் மீன் வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். கடலில் போன உடல்களை மீன்கள் தின்றுவிட்டன என்ற பேச்சு பரவ, தமிழகமெங்கும் மக்கள் மீன் வாங்கவே அஞ்சினார்கள். படகையும் வலையையும் இழந்தவனுக்கு, பிடித்த மீனை விற்கவும் வழியில்லாமல் போனது. அலை தொடாத ஊர்களிலும் வதந்தி வியாபாரத்தைப் படுக்கவைத்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பொய் எச்சரிக்கை கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது அசட்டையாக இருந்துவிடுவார்கள். 2004இல் சுமத்ரா அருகே காலை 6.28 மணியளவில் கடலடி நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடந்து அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம்மிடம் செய்தி சொல்ல ஏற்பாடு இல்லை. கடல் உள்வாங்கியபோது, அதை வேடிக்கை பார்க்கப் பலர் கரையிலிருந்து இறங்கிப் போனார்கள். தமிழகத்தில் சுமார் 8,000 உயிர்கள் போயின. அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

இன்று நிலைமை வேறு. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடல் அழுத்த உணரிகள், கரையோர நீர்மட்டக் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு சில நிமிடங்களில் மதிப்பிட்டுச் செய்தி அனுப்புகிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடப்பட்டது. பேரலை இல்லை என்று உறுதியானதும் திரும்பப் பெறப்பட்டது. மீன் சொல்லாததைக் கருவி சொல்கிறது.

ஆகவே கடற்கரையில் இருக்கும் நம் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தி இதுதான். கரையில் நிற்கும்போது நிலம் பலமாக நடுங்கினால், அல்லது கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உடனே மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அலை போனதும் திரும்பிவிடக் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 எண்களில் பேசலாம். வலையில் அரிய மீன் கிடைத்தால், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தகவல் கொடுத்தால் ஒரு புதிய அறிவுக்கு நாம் உதவியவர்களாவோம்.

அடுத்த முறை அந்த வெள்ளி மீனின் படம் குடும்பக் குழுமத்தில் வந்தால், பிள்ளைகளை அழைத்துக் காட்டுவோம். சூரிய ஒளி மங்கிய ஆழத்தில், எட்டு மீட்டர் உடலை அசைக்காமல் நின்று, சின்னஞ்சிறு உயிர்களை உண்டு வாழும் ஒரு படைப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்போம். அதைப் படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்கட்டும். மீனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.